அடக்க வேண்டிய ஒரே வேகம்

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள் பதினான்கு' என்று ஒரு கணக்கு உண்டு. தும்மல், கொட்டாவி, இருமல், பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், வாந்தி, கண்ணீர்... இப்படி உடம்பு தானாகவே வெளிப்படுத்தும் 14 இயல்பான உந்துதல்கள். இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் நான்.

இத்தனை வருஷ வைத்தியத்துக்குப் பிறகு, அந்தப் பட்டியலுக்கு நேர் எதிராக ஒன்றை எழுதி மாட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. கட்டாயம் அடக்கியே ஆக வேண்டிய வேகமும் ஒன்று உண்டு. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத கிராமத்து ரோட்டு வளைவில் நம் மோட்டார் சைக்கிள் போகிற வேகம்தான் அது!

'லேகியம், சூரணம் பற்றி எழுதுவார் என்று பார்த்தால், டிராஃபிக் போலீஸ் வேலைக்குப் போய்விட்டாரே' என்று நினைக்காதீர்கள். வருமுன் காப்பதுதான் முதல் வைத்தியம். அதிலும் இந்த விஷயத்தில், வந்த பின் காப்பதற்குப் பல நேரம் வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஒரு மதியம் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் ஒரு மதியம். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரம். 23 வயதுப் பையன் ஒருவன், முழங்கையில் ரத்தம் வழிய, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் வந்து இறங்கினான். அவனுடைய அம்மாவுக்கு மூட்டுவலிக்கு என்னிடம்தான் வைத்தியம். மாதா மாதம் மருந்து வாங்க அவன்தான் பைக்கில் வருவான்.

"என்ன தம்பி ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. நம்மூரு வளைவுல டிராக்டர் நின்னுட்டிருந்துச்சு. சோளக்காடு மறைச்சதுல தெரியலீங்க. பிரேக்கப் புடிச்சேன், வழுக்கிருச்சு. கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கட்டி விடுங்க, போதும்."

ஹெல்மெட்? இருந்தது. வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம்!

நான் செய்த தப்பை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்தம் வந்தது முழங்கையில். அதனால் என் கவனம் முழுக்க அங்கேயே போய்விட்டது. கழுவி, மண்ணை எடுத்து, கட்டுப் போடுவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிட்டது. அப்போது அவன் கேட்டான்: "அம்மாவுக்கு மருந்து தீந்துருச்சுங்கய்யா, குடுத்து விடறீங்களா?" தருகிறேன் என்றேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, அதே வார்த்தைகள். மூன்றாவது தடவையும் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. தலைமுடியை விலக்கிப் பார்த்தால், இடது காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்! தலை வலிக்கிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் வாந்தி எடுத்தான்.

"வெயில்ல வந்ததுங்க, பித்த வாந்தியா இருக்கும்" என்றார் கூட வந்தவர்.

பித்தமும் இல்லை, வெயிலும் இல்லை. உடனே 108-க்குப் போன் செய்தேன். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். பையன் பிழைத்தான். இன்னும் ஒரு மணி நேரம் என் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன் என்றால்... அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

தினம் போகிற ரோடுதானே!

பின்னால் அவனிடம் விசாரித்தேன். அந்த வளைவு அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பத்து வருஷமாகப் போய் வருகிற ரோடு. "கண்ணை மூடிட்டுக்கூட ஓட்டுவேனுங்க" என்றான். உண்மையில் அன்றைக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறான். சோளம் ஆறடிக்கு வளர்ந்து மறைத்திருக்கும்போது, கண் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

இதைக் கவனியுங்கள். ரோடு பழக்கமானதுதான். ஆனால் ரோட்டில் அந்த நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் பழக்கமில்லை. அறுவடை முடிந்த மாதத்தில் அதே வளைவில் அடுத்த ஊர் வரைக்கும் தெரியும். சோளமோ கரும்போ ஏறி நிற்கும் மாதத்தில் பத்தடிக்கு மேல் தெரியாது. ஏரிக்கரைத் திருப்பத்தில் சீமைக் கருவேலம் ஒரே மழையில் குப்பென்று வளர்ந்து ரோட்டை மூடிவிடும். வீட்டுச் சுவர், பாறை, வைக்கோல் போர் எல்லாமே மறைக்கும்.

மறைவுக்குப் பின்னால் என்னென்ன காத்திருக்கும்? ரோட்டிலேயே காயப் போட்ட ராகி, எள். டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்த சேற்றுக் கட்டிகள். மழையில் அடித்து வந்த ஜல்லி. பின் விளக்கே இல்லாத கரும்பு டிரெய்லர். மேய்ச்சல் முடிந்து திரும்பும் ஆட்டு மந்தை. வளைவின் உள்பக்கமாக வெட்டி வருகிற மினி பஸ். இவற்றில் ஒன்றாவது நமக்காக விலகிப் போகும் என்று எதிர்பார்க்க முடியுமா?

'வளைவில் டிராக்டரை நிறுத்தியது அவர் தப்பில்லையா?' என்று கேட்கலாம். தப்புதான், சட்டப்படியும் தப்புதான். ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதால் மண்டை ஓடு கெட்டியாகிவிடாது.

கண் எட்டும் தூரம்தான் கணக்கு

வளைவில் எவ்வளவு வேகம் போகலாம்? நிறையப் பேர் வண்டியைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். புது டயர், நல்ல பிரேக், 150 சி.சி. இன்ஜின் என்று. அது தவறு. வேகத்தை முடிவு செய்ய வேண்டியது வண்டி அல்ல, கண். உங்கள் கண்ணுக்குத் தெரியும் ரோட்டின் நீளத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். முழுப் பாடமும் இந்த ஒரு வரிதான்.

வண்டி நிற்பதற்கு இரண்டு தூரம் தேவை. முதலாவது, கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்கும் வரை வண்டி அதே வேகத்தில் ஓடுகிற தூரம். இதற்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பிரேக் பிடித்த பிறகு வண்டி போய் நிற்கிற தூரம். காய்ந்த நல்ல தார் ரோட்டில், பதறாமல் பிரேக் பிடிக்கிற சாதாரண ஆளுக்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இப்படி வரும்:

மணிக்கு 20 கி.மீ. - 11 மீட்டர் (15 எட்டு)
மணிக்கு 30 கி.மீ. - 20 மீட்டர் (26 எட்டு)
மணிக்கு 40 கி.மீ. - 29 மீட்டர் (39 எட்டு)
மணிக்கு 50 கி.மீ. - 40 மீட்டர் (53 எட்டு)
மணிக்கு 60 கி.மீ. - 53 மீட்டர் (71 எட்டு)

ஒரு எட்டு என்பது முக்கால் மீட்டர், அதாவது பெரியவர்கள் கொஞ்சம் அகலமாக வைக்கும் ஒரு அடி. 30 கி.மீ. வேகத்தை இரண்டு மடங்காக்கி 60-ல் போனால், நிற்கும் தூரமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். ஆனால் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது, பாருங்கள். மணலும் ஜல்லியும் கிடந்தாலோ, ரோடு ஈரமாக இருந்தாலோ இன்னும் நீளும்.

இன்னொரு விஷயம். கிராமத்து ரோடுகள் பல ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான். அங்கே எதிரே வருபவரும் நம்மைப் போலவே ஓடி வருகிறார். அவருக்கும் நிற்க இடம் வேண்டாமா? ஆகவே ஒற்றை ரோட்டில், தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நாம் நிற்க வேண்டும். மறு பாதி அவருடையது.

உதாரணத்துக்கு, வளைவில் உங்களுக்கு 40 எட்டு தூரம்தான் தெரிகிறது என்று வையுங்கள். உங்கள் பங்கு 20 எட்டு. அதாவது 15 மீட்டர். அதற்குள் நிற்க வேண்டுமானால் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் கூடவே கூடாது. '25-ஆ? சைக்கிளில் போவது மாதிரி இருக்குமே!' என்பீர்கள். இருக்கட்டும். வளைவைக் கடக்க ஆகும் அதிகப்படி நேரம் சில விநாடிகள்தான்.

எந்தப் பக்கம் போவது?

வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு ஒரு ஆசை வரும். உள்பக்கமாக வெட்டிப் போனால் வண்டியைச் சாய்க்காமல் சுலபமாகத் திருப்பிவிடலாம். இடது பக்கம் திரும்பும் வளைவில் ஆசை எதுவும் தேவையில்லை. வேகம் கூடினால் வண்டி தானாகவே வெளிப்பக்கம், அதாவது ரோட்டின் வலது பக்கம் தள்ளப்படும். இரண்டு தப்பும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்: எதிரே வருபவரின் பாதை!

எனவே வளைவு எந்தப் பக்கம் திரும்பினாலும் தாரின் இடது பாதிக்குள்ளேயே இருங்கள். அதற்காக ஓரத்து மண்ணில் இறங்க வேண்டாம். அங்கே ஜல்லியும் முள்ளும் கிடக்கும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே பள்ளமும் இருக்கலாம். வலது வளைவில் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் நம் பாதையில் இருந்தாலும், வண்டி சாயும்போது நம் தலை நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நீளும். எதிரே வரும் லாரிக்கு முதலில் எட்டுவது நம் தலைதான். கொஞ்சம் கூடுதலாகவே இடது பக்கம் ஒதுங்கியிருப்பது நல்லது.

பார்வையை முன் சக்கரத்தில் வைக்காதீர்கள். தூரத்தில் ரோட்டின் இரண்டு ஓரமும் ஒன்று சேர்கிற மாதிரி ஒரு இடம் தெரியும். அதற்கு அப்பால் ரோடு தெரியாது. அந்த இடம் உங்களை நோக்கி நெருங்கி வந்துகொண்டே இருந்தால், வளைவு இன்னும் இறுகுகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள். அது விலகி ஓட ஆரம்பித்தால் வளைவு திறக்கிறது. அப்போது மெல்ல வேகம் எடுக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

வேகத்தைக் குறைப்பதும் கியரை மாற்றுவதும் வளைவுக்கு முன்னால், ரோடு நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பில் ஒரு பகுதி திரும்புவதற்கே செலவாகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் மிச்சமிருக்கும் பிடிப்பும் போய் வழுக்கிவிடும். என் பையனுக்கு நடந்தது இதுதான். '2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதே, எனக்கென்ன பயம்' என்று இருந்துவிட வேண்டாம். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஜல்லி மேல் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

ஹாரன் அடியுங்கள். மறைவான வளைவில் ஹாரன் அடிப்பது நாகரிகக் குறைவு அல்ல. ஆனால் ஹாரன் அடித்துவிட்டதாலேயே வழி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நின்றிருக்கும் டிராக்டர் பதில் ஹாரன் அடிக்காது. இரவில் லைட்டை ஏற்றி இறக்கிக் காட்டலாம். எதிர் வண்டியின் வெளிச்சம் மரங்களில் படுவது முன்கூட்டியே தெரியும் என்பது இரவில் ஒரு வசதி. அதே சமயம் விளக்கில்லாத வண்டியும் மாடும் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

வளைவுக்கு முன்னால் போர்டு இருந்தால் மதியுங்கள். போர்டு இல்லாத ஊர் ரோட்டில் வேறு அடையாளங்கள் இருக்கும். தார் மேல் கறுப்பாக இழுபட்ட டயர் தடம், உடைந்த தடுப்புச் சுவர், ஓரத்தில் மின்னும் கண்ணாடித் துண்டுகள். எனக்கு முன் ஒருவர் இங்கே தப்புக் கணக்குப் போட்டார் என்று அவை சொல்கின்றன.

வண்டி ரிப்பேர் ஆனாலும், போன் வந்தாலும் வளைவில் நிற்காதீர்கள். தள்ளியாவது நேர் ரோட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். முடியாத பெரிய வண்டி என்றால், வளைவுக்கு முன்பே இரண்டு பக்கமும் தெரியும்படி தழைக்கிளை ஒடித்து வைப்பது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் கிளம்பும்போது கிளையையும் கல்லையும் எடுத்து ஓரம் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு நாமே குழி வெட்டியது போல ஆகும்.

மலையில் படித்த பாடம்

மூலிகை பார்ப்பதற்காக நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு அவ்வப்போது போவேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை பஸ்ஸில் முன் சீட். டிரைவர் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்துத் திருப்பினார். எத்தனை வருஷமாக இந்த ரூட் என்று கேட்டேன்.

"பதினேழு வருசங்க சார். ஆனா ஒவ்வொரு வளைவையும் இன்னிக்குத்தான் முதல்ல பாக்கற மாதிரி திருப்புவேன்."

பதினேழு வருஷம் ஓட்டியவருக்கு அந்த மரியாதை இருக்கிறது. லீவுக்கு மலை பார்க்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு இருக்கிறதா?

மலைப்பாதைக்குச் சில விதிகள் உண்டு. அகலம் போதாத இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும்கூட. பஸ்ஸும் லாரியும் கொண்டை ஊசியில் திரும்ப முழு அகலமும் தேவை. அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட உள்பக்கமாக வெட்டி வரும். பஸ் திரும்பும்போது சந்தில் நுழையாமல் தள்ளி நின்று, அது முழுசாகத் திரும்பிய பிறகு போங்கள். வளைவில் எந்த வண்டியையும் முந்தவே கூடாது.

இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்துகிறேன் என்று இன்ஜினை அணைத்துவிட்டோ, நியூட்ரலில் போட்டோ உருட்டி வருகிறவர்களைப் பார்க்கிறேன். இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை. இன்ஜினின் பிடிப்பு போய்விட்டால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிச் சூடாகிப் பிடிப்புக் குறையும். ஏறும்போது போட்ட சின்ன கியரிலேயே இறங்குவது பாதுகாப்பு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு. அதனால் நடுநடுவே அகலமான, நேரான இடத்தில் நிறுத்தி, பிரேக்கை ஆற விட்டு இறங்குங்கள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். முதலில் சொன்ன அந்த 14 வேகங்களில் கொட்டாவி, தூக்கம், பசி, தாகம், சிறுநீர் இவை ஐந்தும் வண்டி ஓட்டுபவருக்கு நேரடியாக சம்பந்தப்பட்டவை. ஒன்றரை விநாடி என்று மேலே கணக்குப் போட்டோமே, அது விழிப்பாக இருக்கிற ஆளுக்கு. கொட்டாவியை விழுங்கிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அது இரண்டு, இரண்டரை விநாடி ஆகலாம். 40 கி.மீ. வேகத்தில் அதிகமாகிற ஒவ்வொரு விநாடியும் 11 மீட்டர். சிறுநீரை அடக்கிக்கொண்டு 'வீட்டுக்குப் போய்விடலாம்' என்று விரட்டுகிறவர் வளைவைப் பார்ப்பதில்லை, வீட்டைத்தான் பார்க்கிறார்.

கொட்டாவி இரண்டு தடவை வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். கல்யாண வீட்டில் மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு கிளம்ப வேண்டாம். அரை மணி கண்ணயர்ந்துவிட்டுப் போனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சளி, அரிப்பு, அலர்ஜிக்குத் தருகிற சில மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் தூக்கம் தரும். மருந்து வாங்கும்போதே 'வண்டி ஓட்டலாமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற சித்த மருத்துவரிடமும் கேளுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. கூடாது என்றால் கூடாது, அவ்வளவுதான்.

பின்னால் உட்காருகிற தாய்மார்களுக்கு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்!

கணவருக்கு ஹெல்மெட், மனைவிக்குப் பூ வைத்த கொண்டை என்பது நம் வீட்டு வழக்கம். விழும்போது தரை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும், உயிரிழப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, தாடைப் பட்டையை மாட்டினால்தான் இந்தப் பலன். கண்ணாடியில் தொங்குகிற ஹெல்மெட் கண்ணாடியைத்தான் காப்பாற்றும்.

ஒரு பக்கமாக உட்காருகிறவர்கள் புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஒரு கையால் பிடிமானத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வளைவில் திடீரென்று நிமிரவோ திரும்பிப் பார்க்கவோ வேண்டாம். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பெல்ட்டும் வேண்டும். வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதி இது. அந்த 40-ம் நேர் ரோட்டுக்குத்தான், வளைவுக்கு அல்ல.

அடிபட்டு விட்டால்...

நம் வர்ம மருத்துவத்தில் வர்மங்கள் 108 என்பார்கள். அதில் 25 தலையிலும் கழுத்திலும் இருக்கின்றன. எவ்வளவு நுட்பமான இடம் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தலையில் அடிபட்டவருக்கு வேண்டியதும் ஒரு 108-தான். அது ஆம்புலன்ஸ்!

1. முதலில் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க, வளைவுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.

2. விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். மூச்சு விடத் தடங்கல் இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டு போவது பெரிய ஆபத்து.

3. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டுச் சாறு சின்னச் சிராய்ப்புக்கு. ஆழமான காயத்துக்கு அதைப் பிழியாதீர்கள். ஒரு சித்த மருத்துவனே சொல்கிறேன்.

4. சோடா, தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போகும். ஆபரேஷன் தேவைப்பட்டாலும் வெறும் வயிறுதான் நல்லது.

5. 'எழுந்து நடந்தான், நல்லாப் பேசினான்' என்று நம்பி வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். காதுக்கு முன்னும் மேலும் உள்ள கன்னப்பொறிப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரே சில நிமிஷங்களிலோ சில மணி நேரத்திலோ சரிந்துவிடலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், கேட்டதையே கேட்பது, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது... இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைதான். எண்ணெய்க் கட்டு வைத்தியசாலை அல்ல, என் கிளினிக்கும் அல்ல.

உதவப் போனால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் இன்னும் நிறையப் பேருக்கு இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயர், விலாசம் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பணம் எடுத்து வர வீட்டுக்கு ஓடியும் நேரத்தை வீணாக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு முதலில் கொண்டு போய்ச் சேருங்கள்.

வளைவில் நிலக்கடலை

அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். வேலைக்குப் போகிறான், வண்டியும் ஓட்டுகிறான், ஹெல்மெட்டோடு. ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. தலையில் பட்ட அதிர்ச்சியில் மூக்கின் வாசனை நரம்பு இழைகள் அறுந்து போயின. வாசனை என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. மருந்து வாங்க வரும்போது என் கிளினிக்கில் கற்பூராதி தைல வாசனை கும்மென்று இருக்கும். அவன் சும்மா நிற்பான். "அம்மா கருவேப்பிலை தாளிச்சாக்கூடத் தெரியறதில்லீங்கய்யா" என்று ஒருநாள் சொன்னான். அவனுடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். அந்தச் சோளக்காட்டுக்காரரிடம் போய்ப் பேசினான். "மூலையில மட்டும் உயரமா எதையும் போடாதீங்க மாமா" என்று கேட்டுக்கொண்டான். அவரும் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இப்போது வளைவை ஒட்டிய அந்தத் துண்டு நிலத்தில் நிலக்கடலை. முழங்கால் உயரம்கூட இல்லை. எதிரே வருகிற வண்டி அந்தக் கடைசி வரைக்கும் தெரிகிறது. ரோட்டை நிமிர்த்த நம்மால் முடியாது. மறைக்கிற கருவேலத்தை வெட்டச் சொல்லி ஊராட்சியில் ஒரு மனு கொடுக்கலாம், பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசலாம், இல்லையா?

வாசகர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊருக்குப் போகும் வழியில் உள்ள மோசமான வளைவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள். வண்டியில் நுழையும் இடத்தில் ஓரமாக நின்று, ரோடு கண்ணில் எதுவரை தெரிகிறது என்று பாருங்கள். ஓரமாகவே நடந்து, அதுவரைக்கும் எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். ஒற்றை ரோடு என்றால் அதில் பாதி. பிறகு மேலே உள்ள கணக்கைப் பார்த்து, அந்த வளைவுக்கு ஒரு வேகத்தைக் குறித்து வையுங்கள். சோளம் வளர்ந்த பிறகு மறுபடியும் எண்ணுங்கள்.

மற்ற பதினான்கு வேகங்களை அடக்காதீர்கள். இந்த ஒன்றை மட்டும் அடக்குங்கள்.